இரண்டு மஞ்சள் கோடுகள்

“ஹாரன் அடிங்க.”

கண்டக்டர் கட்டைவிரலால் அழுத்தினார். தொண்டை கட்டின ஆடு மாதிரி ஒரு சத்தம் வந்து ஓய்ந்தது.

“ஃபெயில்,” என்றார் புதிதாக வந்திருந்த பரிசோதகர். “பின் பிரேக்கை மிதிங்க.”

மிதித்தார்.

“சிவப்பு விளக்கு எரியல. ஃபெயில். செயின் தொட்டில் மாதிரி தொங்குது. அதுவும் ஃபெயில். வலது பக்கக் கண்ணாடி எங்க?”

“அது தானா விலகிப் போயிடுச்சு சார். நான் போகச் சொல்லல.”

“சைலன்சர்ல ஓட்டை. பின் டயர் சுத்த வழுக்கை.” பரிசோதகர் நிமிர்ந்தபோது அவர் பார்வை கண்டக்டரின் தலையில் ஒரு கணம் தங்கியது.

“அதுக்கும் ஃபெயில் போட்டுடாதீங்க சார். அது பிறவிக் கோளாறு,” என்றார் கண்டக்டர்.

வரிசையில் மோட்டார் சைக்கிள்களோடு நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். தகரக் கூரையின் நிழலில் நின்ற லென்ஸ் மேடம், சிரித்தவர்களையும் பார்க்கவில்லை, கண்டக்டரையும் பார்க்கவில்லை. அவரது வழுக்கை டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் இப்போது எந்த பஸ்ஸிலும் கண்டக்டர் இல்லை. டிக்கெட் கிழிக்கிற நேரத்தைவிட வம்பளக்கிற நேரம் அதிகம் என்று கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. லென்ஸ் மேடம் அந்த நாளில் அவர் பஸ்ஸில் தினமும் போய்வந்தவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கிற வேலை. அங்கிருந்து ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்தில் கயிறு கட்டி ஒரு கண்ணாடி. பேச ஓர் ஆள் வேண்டும் என்று கண்டக்டரைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு அவர் இன்றுவரை வருத்தப்படாத நாளில்லை.

இன்று கையில் இருந்த வழக்கு சின்னதுதான். சாவுதான் பெரியது.

போன வாரம் மழை பெய்த ஒரு மத்தியானம், வளைவில் சறுக்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று லாரிக்கு அடியில் போய்விட்டது. ஓட்டிய பையன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். வீட்டில் அவனைச் சின்னவன் என்று கூப்பிடுவார்கள். வண்டியின் முன் டயர் கொட்டைப் பாக்கு மாதிரி வழவழவென்று இருந்ததாம். ஆனால் அதே வண்டி அதற்குச் சில நாள் முன்னால்தான் இந்த வாகனப் பரிசோதனை மையத்துக்கு வந்து பாஸ் ஆகியிருந்தது. தேய்ந்த டயர் எப்படிப் பாஸ் ஆனது? பரிசோதகர் கை நீட்டி வாங்கியிருப்பார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பாஸ் போட்ட பரிசோதகரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நாளைக் காலை விசாரணை.

செத்தவனின் அண்ணன், பெரியவன், இரண்டு நாள் முன்னால் அலுவலகத்துக்கு வந்திருந்தான். கண் இரண்டும் வீங்கிப் போயிருந்தது. “அந்த ஆள் லஞ்சம் வாங்கினான்னு நிரூபிச்சுக் குடுங்க மேடம். அவன் உள்ள போகாம எனக்குத் தூக்கம் வராது,” என்றான். வருகிறவர்களை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற கண்டக்டர், அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்ததோடு சரி.

“கண்டக்டர், உங்க பின் டயர்ல சிவப்பா ஒரு பெருக்கல் குறி இருக்கே, அது என்ன?” என்று கேட்டார் லென்ஸ் மேடம்.

“அதுவா? போன மாசம் இங்க வந்து ஃபெயில் ஆனப்ப பழைய பரிசோதகர் கிரேயான்ல போட்டது. டயரை மாத்துன்னாரு. குறியையே அழிக்காத சோம்பேறி நான், டயரையா மாத்துவேன்?”

“இவர் இப்ப குறி எதுவும் போடலையே?”

“அட, ஆமா.”

“பழையவர் வீட்டுக்குப் போகலாம், வாங்க.”

“எதுல மேடம்? என் வண்டிதான் எல்லாத்துலயும் ஃபெயிலாச்சே.”

“நடந்துதான். கால் பாஸ்தானே?”

*

பரிசோதகரின் வீட்டில் பட்டப்பகலில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவில் யாரோ கரியால் ‘கொலைகாரன்’ என்று கிறுக்கியிருந்தார்கள். வேறு யாரோ தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள், முழுசாகப் போகவில்லை. அவர் மனைவி சங்கிலியை எடுக்காமலே எட்டிப் பார்த்துவிட்டு, வந்தது கத்த வந்த கூட்டமில்லை என்று தெரிந்ததும் திறந்தாள்.

“அந்தப் பையனோட அம்மாவோன்னு நினைச்சேன்,” என்றாள். “தினமும் வந்து வாசல்ல நின்னு சாபம் விட்டுட்டுப் போறாங்க. அவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? வாயில முந்தானையை வச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்திருப்பேன்.”

பரிசோதகர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். வேலைக்குப் போகிற சட்டையையே போட்டிருந்தார். அதன் பையில் கிரேயான் கறை, மஞ்சளும் சிவப்பும்.

“லஞ்சம் வாங்கினீங்களா?” லென்ஸ் மேடம் சுற்றி வளைக்கவில்லை.

“இல்லம்மா.”

“அப்ப பார்க்காமலே பாஸ் போட்டீங்களா?”

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். குரல் உடைந்துவிட்டது. “அதுதாம்மா என்னைக் கொல்லுது. நாள் முழுக்க வண்டி வண்டியா வருது. எந்த வண்டின்னு ஞாபகம் வச்சுக்க முடியும்? அந்தச் சக்கரத்தை நான் தொட்டுப் பார்த்தேனா, அசந்துட்டேனா, எனக்கே தெரியல. நான் அசந்திருந்தா அந்தத் தாய் விடுற சாபம் நியாயம்தானே?”

கண்டக்டர் திருடனையும் ஏமாற்றுக்காரனையும் பார்த்துப் பழகியவர். தன் கையையே நம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

“டயர்ல குறி போடுற வழக்கம் உங்களோடதா?” என்றார் லென்ஸ் மேடம்.

“ஆமாம்மா. சட்டத்துல கிடையாது. கூட்டத்துல ஒரு சக்கரத்தைப் பார்த்துட்டு இன்னொன்னை விட்டுடக் கூடாதேன்னு நானாப் பழகிக்கிட்டது. நல்லா இருந்தா மஞ்சள்ல ஒரு கோடு. தேஞ்சிருந்தா சிவப்புல பெருக்கல் குறி. எனக்கு முழங்கால் வலி, அதனால எப்பவும் ஸ்டாண்ட் இருக்கிற பக்கமாத்தான் உக்காருவேன். அந்தப் பக்கம் மட்டும்தான் குறி இருக்கும்.”

“ஃபெயிலான வண்டி திரும்ப வந்தா?”

“எதுல ஃபெயிலோ அதை மட்டும் பார்ப்பேன். பழைய குறி இருக்கேன்னு விட்டுட மாட்டேன். விரலால தடவிப் பார்த்துட்டுப் புதுசா ஒரு கோடு போடுவேன்.”

“இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரும்மா கேட்டாங்க? எவ்வளவு வாங்கினேன்னுதான் கேட்டாங்க.”

*

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் போட்டு வைக்கிற மைதானம். சின்னவனின் வண்டி ஸ்டாண்ட் பக்கம் தரையில் பதிய, ஒருக்களித்துக் கிடந்தது. ஹாண்டில் திருகிப் போயிருந்தது. முன் டயரைக் கண்டக்டர் தடவிப் பார்த்தார். உண்மைதான், விரலில் ஒரு பள்ளம்கூடத் தட்டுப்படவில்லை.

“தூக்குங்க,” என்றார் லென்ஸ் மேடம்.

“நான் ஒரு ஆளா?”

“பஸ்ஸையே தள்ளினதாச் சொல்வீங்களே.”

“அப்ப பின்னாடி நாப்பது பேர் கூடத் தள்ளினாங்க மேடம். அதைச் சொல்ல மறந்துட்டேன்.”

காவலுக்கு இருந்தவரும் ஒரு கை கொடுக்க, முக்கி முனகி வண்டியை நிமிர்த்தினார்கள். லென்ஸ் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் பின் சக்கரம். காய்ந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்ததும் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. முன் சக்கரத்துக்கு வந்தார். துடைத்தார்.

சிவப்பு. பெருக்கல் குறி.

“என்ன மேடம் இது?” கண்டக்டருக்குத் தலை சுற்றியது. “வண்டி பாஸ் ஆனது. சக்கரம் ஃபெயில் ஆனதா?”

“பாஸ் ஆன வண்டியில சிவப்புக் குறி இருக்கவே முடியாது. அப்படின்னா?”

“அப்படின்னா... இந்தச் சக்கரம் இந்த வண்டியோடது இல்ல!”

“ஃபெயில் ஆன வேற ஒரு வண்டியோடது. அந்த மனுஷன் அசரல கண்டக்டர். இதைத் தொட்டுப் பார்த்திருக்கார், தேஞ்சு போச்சுன்னு சொல்லியும் இருக்கார். அதுக்கப்புறம் யாரோ சக்கரத்தை மாத்திப் போட்டிருக்காங்க.”

கண்டக்டர் குஷியில் தொடையைத் தட்டினார். “பரிசோதனைக்கு மட்டும் நல்ல சக்கரத்தை இரவல் வாங்குற கதை! எங்க டிப்போவுலயே நடந்திருக்கு மேடம். ஒரு பஸ் ஸ்டெப்னி மூணு பஸ்ஸுக்குப் பாஸ் வாங்கிக் குடுத்துச்சு. நல்ல சக்கரத்தை எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான். அவனைப் பிடிச்சா வழக்கு முடிஞ்சுது!”

“சக்கரம் பொருந்தணும்னா அதே மாதிரி வண்டியா இருக்கணும்,” என்றார் லென்ஸ் மேடம், அவரைப் பார்க்காமல். “அதே மாதிரி வண்டியை நாம ரெண்டு பேருமே பார்த்திருக்கோம்.”

கண்டக்டர் யோசித்தார். கறுப்பு வண்டி, பெட்ரோல் டேங்கில் நீலப் பட்டை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியது என்று பெரியவனே சொல்லியிருந்தான். இரண்டு நாள் முன்னால் அவன் அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்திய வண்டி.

தொடையைத் தட்டிய கை அப்படியே நின்றது. “வேண்டாம் மேடம்,” என்றார். “அது மட்டும் வேண்டாம்.”

*

பெரியவன் சொன்ன நேரத்துக்கு அலுவலகத்துக்கு வந்தான். பார்சல் கம்பெனியின் சட்டை, கையில் ஹெல்மெட். மாடிப்படி ஏற வந்தவனை லென்ஸ் மேடம் வாசலிலேயே நிறுத்தினார்.

“தம்பி, ஒரு நிமிஷம். உங்க வண்டியைப் பார்க்கணும்.”

“என் வண்டியையா? எதுக்கு?”

லென்ஸ் மேடம் ஸ்டாண்ட் பக்கமாக உட்கார்ந்து துடைத்தார். பின் சக்கரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. முன் சக்கரத்தில் இரண்டு கோடுகள், ஒன்று மங்கல், ஒன்று பளிச்சென்று. ஒரே டயர் இரண்டு தடவை பாஸ் ஆகியிருக்கிறது. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உங்க வண்டி முதல் தடவை ஃபெயில் ஆச்சா?”

“ஆமா. முன் டயர் தேஞ்சு போச்சுன்னு. பாஸ் சர்ட்டிபிகேட் இல்லன்னா கம்பெனி கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க, வேலை போயிடும். வீட்டுக்கு வந்து தம்பியைத்தான் கத்தினேன். அவன்தான் என் வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் சுத்துவான். ‘உன்னாலதான்டா தேஞ்சுது, என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டியே’ன்னு திட்டினேன். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள அவனே கொண்டு போய்ப் பாஸ் வாங்கிட்டு வந்துட்டான். டயர் மாத்திட்டேன்னான். நான் கோபத்துல இருந்தேன், எங்க மாத்தினன்னு கூடக் கேக்கல. வண்டியை எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டேன். அன்னிக்குத்தான்...”

பேசிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். குனிந்து தன் முன் சக்கரத்தைப் பார்த்தான். லென்ஸ் மேடம் சிவப்புக் குறியைப் பற்றிச் சொன்னார். சுருக்கமாக, மெதுவாக, எதையும் விடாமல் சொன்னார். சொல்லி முடிப்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“இது அவன் டயரா?” என்றான். “இத்தனை நாளா நான் அவன் டயர்லயா ஓடிட்டிருக்கேன்?”

அந்த இரண்டு மஞ்சள் கோடுகளையும் விரலால் தொட்டான்.

“மழை ஆரம்பிச்சப்ப எனக்கு ஃபோன் பண்ணான் மேடம். கட் பண்ணிட்டேன். திரும்பப் பண்ணான். திரும்பவும் கட் பண்ணிட்டேன். நேத்து திட்டினதுக்கு இப்ப சமாதானம் பேச வர்றான்னு நினைச்சேன். ‘அண்ணா, மழை வருது, எங்க இருக்க, சக்கரத்தை மாத்திக்கலாம்’னு கேக்கத்தான் கூப்பிட்டிருக்கான். அதுக்குத்தானே? வேற எதுக்கு?”

“அது நமக்குத் தெரியாது தம்பி,” என்றார் லென்ஸ் மேடம்.

“எனக்குத் தெரியும்.” அவன் ‘ஓ’வென்று அழ ஆரம்பித்தான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அழுகை அடங்கியதும் லென்ஸ் மேடம் சொன்னார். “நாளைக்கு விசாரணை. ஒரு பாவமும் செய்யாத மனுஷன் அங்க நிக்கப் போறார். நான் பார்த்ததை நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா உங்க வாயிலிருந்து முதல்ல வந்தா நல்லது.”

“விசாரணை கிடக்கட்டும் மேடம். எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்? தினமும் போய் அந்த ஆளுக்குச் சாபம் விடுறாங்க. ‘என் புள்ளையக் கொன்னவன் விளங்காமப் போகணும்’னு. அது என் தலையில விழுற சாபம்னு எப்படிச் சொல்றது?” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இருக்கிறது அவங்க ஒருத்தர்தான். அவங்களும் என்னை வெறுத்துட்டா நான் எங்க போவேன்?”

ஆனாலும் கிளம்பினான். வண்டியில் ஏறப் போனவனுக்கு ஏற முடியவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தான். ஒரு பக்கம் அவன், மறுபக்கம் கண்டக்டர், பின்னால் லென்ஸ் மேடம்.

*

அம்மா வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மகன் வண்டியை உருட்டிக்கொண்டு வருவதையும், கூட வருகிறவர்களையும் பார்த்து எழுந்தாள். மெலிந்த உடம்பு, தினமும் கத்திக் கத்திக் கட்டிப் போன தொண்டை.

“என்னடா? ஏன் உருட்டிட்டு வர்ற? அந்தப் பாவி பணம் வாங்கினதைக் கண்டுபிடிச்சுட்டாங்களா?”

“அவர் வாங்கலம்மா.” பெரியவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “அவர் ஒழுங்காத்தான் பார்த்திருக்கார். தம்பி செத்தது என்னாலம்மா. நான் திட்டினேன்னு அவனோட நல்ல சக்கரத்தை எனக்குப் போட்டுட்டு, என்னோட தேஞ்ச சக்கரத்தை அவன்...”

“வாயை மூடு!” அம்மா பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். “யார் சொன்னா உனக்கு? நீங்க சொன்னீங்களா?” லென்ஸ் மேடத்தைப் பார்த்துக் கேட்டாள். “ஏம்மா சொன்னீங்க? இவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே நான் இந்தப் பாடு பட்டேன்?”

பெரியவன் அவள் கையை விலக்கினான். “உனக்குத் தெரியுமாம்மா?”

கண்டக்டர் லென்ஸ் மேடத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகம் திகைத்து அவர் பார்த்ததில்லை. இது அவரும் எதிர்பார்க்காதது.

“நான்தானேடா வண்டியைப் புடிச்சுட்டு நின்னேன்,” என்றாள் அம்மா. “விடியக்காலையில வந்து எழுப்பினான். ‘முன் சக்கரத்தைக் கழட்டினா வண்டி குப்புற விழும், பின்னாடி அழுத்திப் புடிச்சுக்கோம்மா’ன்னான். ரெண்டு வண்டிக்கும் நான்தான் புடிச்சேன். உன் டயரு அவன் வண்டிக்குப் போறதைப் பார்த்துட்டுத்தான் நின்னேன். ‘இது நல்லா இருக்காடா?’ன்னு கேட்டேன். ‘சாயங்காலம் அண்ணன் வந்ததும் மாத்திடுவேன், அவன்கிட்ட சொல்லாதே, அவன் நிம்மதியா வேலைக்குப் போகட்டும்’னான். நானும் சரின்னுட்டேன். ஒரு வார்த்தை, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா?”

“அப்ப அந்த வீட்டு வாசல்ல போய்க் கத்தினது...”

“உன் காதுல விழணும்னுதான் கத்தினேன். தப்பு அந்த ஆளு மேலன்னு நீ நம்பணும்ல? ஒருத்தன் போயிட்டான். இது தெரிஞ்சா நீயும் போயிடுவியோன்னு பயந்து, யாரோ பெத்த புள்ளையச் சபிச்சேன்டா. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, அந்தச் சாபம் என் தலையிலயே விழட்டும்னு தனியா அழுதுட்டுக் கிடந்தேன்.”

பெரியவன் மண்டியிட்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண்டக்டருக்கு அழுகை வந்தது. மறைக்கவெல்லாம் இல்லை, நின்ற இடத்திலேயே அழுதார்.

லென்ஸ் மேடம் அருகில் வந்து சொன்னார். “விசாரணை நாளைக்குக் காலையிலம்மா. ரெண்டு பேரும் வந்து நடந்ததைச் சொன்னாப் போதும். உங்களை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க.”

“நாளைக்கா?” அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அதுவரைக்கும் அந்த மனுஷன் என்னத்துக்குத் துடிச்சுட்டு இருக்கணும்? தினமும் அந்த வாசலுக்குப் போனவ நான். இன்னிக்கும் நானே போறேன்.”

“அவங்க கதவைத் திறக்க மாட்டாங்கம்மா,” என்றான் பெரியவன்.

“திறக்கிற வரைக்கும் நிப்பேன்.”

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பெரியவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.